ஒன்றுமே நடக்காத எபிசோடு

போன வாரம் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு சண்டை. ரிட்டயரான ஐந்து பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். சண்டை பென்ஷன் அரியர்ஸ் பற்றி இல்லை. 'வதந்தி' என்ற தொடர் நல்லதா, மோசமா என்பது பற்றி.

2022 கடைசியில் வந்த தொடர் அது. எஸ்.ஜே. சூர்யா போலீஸ்காரராக நடித்தது. எட்டு எபிசோடு. நண்பர் ஒருவர் மகன் வீட்டுக்குப் போனபோது இப்போதுதான் பார்த்திருக்கிறார். "நடுவுல மூணு எபிசோடு வேஸ்ட்டு முசே. ஒண்ணுமே நடக்கல. கடைசியில ஏமாத்திட்டான். நான் வேற ஆளைத்தான் நெனைச்சேன்" என்றார்.

"அந்த மூணையும் முழுசா பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஒன்றரை ஸ்பீடுல ஓட்டினேன். நடுநடுவுல தள்ளியும் விட்டேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அங்கே நான் பேசியது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொடர்கதை பார்த்துவிட்டு 'யார் செய்தது' என்று அடித்துக்கொள்வது இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 1842இல் எழேன் சூ என்பவர் 'பாரீஸ் மர்மங்கள்' கதையைப் பிரெஞ்சுச் செய்தித்தாளில் தொடராக எழுதினார். வாசகர்கள் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 1958இல் பிரான்ஸ் தொலைக்காட்சியில் 'கடைசி ஐந்து நிமிடங்கள்' என்று ஒரு துப்பறியும் நிகழ்ச்சி தொடங்கியது. இன்ஸ்பெக்டர் விடையைச் சொல்வதற்கு முன்னால், ஸ்டூடியோவுக்கு அழைக்கப்பட்ட பார்வையாளர்கள் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். ஆகவே ஊகிப்பது தப்பே இல்லை. எப்படி ஊகிக்கிறோம் என்பதில்தான் என் சண்டை.

நம் ஊரில் இந்த ஆட்டத்தை முழு மூச்சாக ஆடிய காலம் 1990களின் பிற்பகுதி. சன் டிவியில் 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. முதலில் 'ரகசியம்', நவபாஷாண லிங்கத்தைச் சுற்றிய கதை. அப்புறம் 'விடாது கருப்பு'. ஒரு கிராமம், அதன் காவல் தெய்வம் கருப்பசாமி. தப்பு செய்தவர்கள் சாகிறார்கள். கொல்வது சாமியா, சாமி பேரில் ஒரு மனுஷனா? வாரத்துக்கு ஒரு தடவைதான் வரும். மறுநாள் காலையில் எங்கள் செக்‌ஷனில் பதினொரு மணி டீ வரைக்கும் ஒரு ஃபைலும் நகராது.

அந்த விவாதத்தில் மூன்று சட்டங்கள் தாமாகவே உருவாகின. இன்றும் கடற்கரையில் அதே மூன்றுதான் ஓடுகின்றன.

முதல் சட்டம்: சாவு விழாத எபிசோடு மோசமான எபிசோடு. 'விடாது கருப்பு' அடிக்கடி பின்னால் போகும். ஒரு சின்னப் பையனின் வாழ்க்கையைக் காட்டும். எங்கள் செக்‌ஷனில் அதற்கு ஏகப்பட்ட முணுமுணுப்பு. "பையன் கதையை எவன் கேட்டான்? கருப்பு எப்ப வரும்?" கடைசியில் என்ன ஆயிற்று? (இன்னும் பார்க்காதவர்கள் இருந்தால் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) கருப்பாக வந்தவன் அந்தப் பையன்தான், வளர்ந்த பிறகும் மனம் இரண்டாகப் பிளந்து, தான்தான் செய்கிறோம் என்பது தனக்கே தெரியாதவன். விடை முழுக்க நாங்கள் கொட்டாவி விட்ட அந்த வாரங்களில் இருந்தது. குதிரையும் அரிவாளும் வந்த வாரங்களில் பயம் மட்டும்தான் இருந்தது.

மர்மக்கதையில் எழுத்தாளன் ஒளித்து வைப்பது, நாம் அசந்திருக்கும் இடத்தில்தான். தெரிந்துதான் செய்கிறான். அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டு, 'ஏமாத்திட்டான்' என்று சொல்வது, குழம்பைக் கீழே கொட்டிவிட்டு உப்பு இல்லை என்று சமைத்தவளைத் திட்டுவது மாதிரி.

இரண்டாம் சட்டம்: யார் மேல் சந்தேகமே வரவில்லையோ அவன்தான் குற்றவாளி. இந்தச் சட்டத்துக்கு நான் சின்ன வயதிலேயே அடி வாங்கியிருக்கிறேன். எங்கள் பிரெஞ்சு முசியே ஒரு வருஷம் கஸ்தோன் லெரூ எழுதிய 'மஞ்சள் அறையின் மர்மம்' கதையை வகுப்பில் வாசித்தார். அதுவும் 1907இல் பத்திரிகையில் தொடராக வந்த கதைதான். உள்ளே பூட்டிய அறை. அடிபட்ட பெண் உள்ளே கிடக்கிறாள். அடித்தவனைக் காணோம். பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, "யார் என்று எழுதுங்கள். ஏன் என்றும் எழுதுங்கள்" என்றார்.

நான் சரியான பெயரை எழுதினேன். இருபதுக்குப் பூஜ்யம். பக்கத்துப் பெஞ்சுப் பையன் தப்பான பெயரை எழுதி, அதற்கு நான்கு காரணம், எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பதோடு எழுதியிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு. நான் அழாத குறையாகக் கேட்டேன். முசியே என் தாளைக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் 'இவன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது' என்று எழுதியிருந்தேன். "இது காரணம் இல்லை, லாட்டரிச் சீட்டு. பரிசு விழுந்தாலும் லாட்டரிச் சீட்டுதான்" என்றார். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் சட்டம்: நான் நினைத்த ஆள் இல்லையென்றால் கதை ஏமாற்று வேலை. இதில் ஒரு பாதி நியாயம் உண்டு. ஏமாற்றும் தொடர்கள் இருக்கின்றன. கடைசி எபிசோடில் அதுவரை தலைகாட்டாத ஒரு சித்தப்பா வருவார், இல்லாத இரட்டைப் பிறவி முளைக்கும், எல்லாம் கனவாகிவிடும். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்க்கவேண்டும். விடைக்கான தடயம் முன்னமே நம் கண்ணில் காட்டப்பட்டதா, இல்லையா? காட்டியிருந்தால் தோற்றது நாம். காட்டவில்லை என்றால் தோற்றது எழுத்தாளன். எபிசோடுக்கு மார்க் போட வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

"கதைதானே முசே, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்று கடற்கரையில் ஒருவர் கேட்டார். கதையோடு நின்றிருந்தால் எனக்கும் கோபம் வராது.

'விடாது கருப்பு' ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் அலுவலகத்தில் ஒரு ஃபைல் காணாமல் போனது. இறந்துபோன ஓர் ஊழியரின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் தரவேண்டிய ஃபைல். அந்த அம்மாள் வாரா வாரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. காலையில் டிவி கதையைத் துப்பறிந்த அதே வாய்கள், டீக்குப் பிறகு ஃபைலைத் துப்பறிய ஆரம்பித்தன.

எங்கள் பியூன் ஒருவர். அதிர்ந்து பேசமாட்டார். எங்கள் மர்மதேசம் அரட்டையில் ஒருநாளும் கலந்துகொண்டதில்லை. ஓரமாக நின்று கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். "யார் மேல சந்தேகமே வராது? இவன் மேலதான். அப்ப இவன்தான்" என்றார் ஒருவர். இன்னொருவர், அந்த அம்மாளின் கொழுந்தனோடு அவரை டீக்கடையில் பார்த்ததாகச் சொன்னார். மூன்றாமவர் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்: கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் சொத்துத் தகராறாம். ஒரு வாரத்தில் கதை முழுசாகத் தயார். சூப்பிரண்டெண்ட் காதுக்குப் போனது. மெமோ கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு ஆபீசுக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்.

நான் என்ன செய்தேன்? 'இருக்கலாம்' என்று தலையாட்டினேன்.

ஏழு மாதம் கழித்து, ஆடிட்டுக்காக ஃபைல் நகர்வுப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. தேதி, எண், யாரிடமிருந்து, யாருக்கு. உலகத்திலேயே சலிப்பான புத்தகம் அது. ஃபைல் தேடிய சமயத்தில் ஒருவரும் அதை முழுசாகப் புரட்டவில்லை. ஒரு பக்கத்தின் நடுவில் அந்த எண் இருந்தது. வேறொரு ஃபைலோடு இணைத்துக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. அனுப்பியவர் இனிஷியல் என்னுடையது.

எனக்கு அது துளிக்கூட நினைவில் இல்லை. இன்றைக்கும் இல்லை. கணக்குப் பிரிவில் போய்க் கேட்டேன். கட்டு அவிழ்க்காமல் அலமாரியில் இருந்தது.

சூப்பிரண்டெண்டிடம் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ வந்தது, நியாயம்தான். பென்ஷன் கிடைத்தது, ஏழு மாதம் தாமதமாக. பியூனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பேச்சு வாக்கில், "நாங்க நாடகத்தைப் பத்திப் பேசும்போது நீங்க மட்டும் ஏன் ஒண்ணுமே சொல்லமாட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"எங்க வீட்டுல டிவி இல்லீங்க சார். நீங்கள்லாம் பேசறதைக் கேட்டுத்தான் கதையைத் தெரிஞ்சிக்குவேன். சாயந்தரம் போய்ப் பசங்களுக்குச் சொல்லணுமே."

அன்றைக்குத்தான் முசியே போட்ட பூஜ்யம் எனக்குப் புரிந்தது.

ஆகவே கடற்கரை நண்பர்களே, தொடர் பாருங்கள், ஊகியுங்கள், சண்டை போடுங்கள். எனக்கும் ஒரு இடம் பிடித்து வையுங்கள். ஆனால் ஆளைச் சொன்னால் தடயத்தையும் சொல்லுங்கள். எந்த எபிசோடு, எந்தக் காட்சி என்று. சொல்ல முடியவில்லையென்றால் 'தெரியவில்லை' என்று சொல்லுங்கள். வயசான காலத்தில் அதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஒன்றரை ஸ்பீடு நண்பருக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள் என்பதுதான் நீங்கள் தள்ளித் தள்ளிப் பார்த்த அந்தத் தொடர். பெயரே 'வதந்தி'. அந்த மூன்று எபிசோடையும் மறுபடி போட்டு, சாதாரண ஸ்பீடில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பேசுவோம். சுண்டல் என் செலவு.