இரண்டு உதயம் கண்ட பிரயாணம்

நம் முன்னோர் தூரத்தைக் காலத்தினாலேயே அளந்தார்கள். "அடுத்த ஊர் எவ்வளவு தூரம்?" என்றால், "மூன்று நாழிகை வழி" என்பார்கள். ஆகாய விமானத்தில் போகிறவர்களும் இன்று மணிக் கணக்கைத்தான் சொல்லுகிறார்கள். மைல் கணக்கைச் சொல்வாரில்லை.

சென்ற வாரம் பூகோள வகுப்பில் ஒரு மாணவன், "உலகத்திலே நெடிய விமானப் பிரயாணம் எது, ஸார்?" என்று கேட்டான். "மைலிலா, மணியிலா?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். பையன் விழித்தான். இரண்டும் ஒன்றுதானே என்பது அவன் எண்ணம். அன்று என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரமே சாட்சி.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு, நடுவில் எங்கும் இறங்காத விமானப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. தூரம் சுமார் 9,000 மைல். நேரம் ஏறக்குறைய 17 மணி. அதே பெர்த்திலிருந்து 1943இல் இலங்கைக்கு வந்த விமானம் கடந்த தூரம் சுமார் 3,500 மைல்தான். பிடித்த நேரமோ 28 மணி! எதிர்க்காற்று பலத்தால் 32 மணிக்கு மேலும் ஆனதுண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த ஆகாய மார்க்கம் அறுந்து போயிற்று. அதை மீண்டும் இணைக்க, குவாண்டாஸ் கம்பெனியார் 'காடலினா' என்னும் நீர் விமானங்கள் ஐந்தைக் கொண்டு, பெர்த்திலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கு ஒரே மூச்சில் பறந்தார்கள். வேகம் மணிக்குச் சுமார் 125 மைல். பாரமெல்லாம் பெட்ரோலே, ஆகையால் பிரயாணிகள் மூவருக்கும் 69 கிலோ தபாலுக்குமே இடமிருந்தது. புறப்பட்ட முதல் சில மணி நேரத்துக்குள் ஓர் எஞ்சின் நின்றால், எஞ்சிய ஒன்று அப்பாரத்தைத் தாங்காது; கீழே கடல்தான் கதி.

சத்துருவின் காதில் விழாதிருக்க ரேடியோவில் பேசுவதில்லை. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். விமானங்களுக்கு நட்சத்திரப் பெயர்களையே இட்டிருந்தார்கள். அவற்றுள் ஸ்பைகா நமது சித்திரை, அன்டாரஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம். பிரயாணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கத்தார்' என்று அவர்களுக்கு அத்தாட்சிப் பத்திரமும் வழங்கப்பட்டது. 1945 ஜூலை வரையில் 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் அழியவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பு சற்று நேரம் மௌனமாயிருந்தது. பிறகு அதே மாணவன், "அவ்வளவு பாடும் 69 கிலோ தபாலுக்காகவா, ஸார்?" என்றான்.

யுத்த காலத்திலே கடிதத்துக்காகக் காத்திருந்த ஒரு தாயைக் கேட்டால், அந்த 69 கிலோவின் கனம் தெரிந்திருக்கும். இந்து மகா சமுத்திரம் அன்று போலவே இன்றும் அகன்று கிடக்கிறது. ஓர் அங்குலமும் குறுகவில்லை. பதினேழு மணி நேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போயிற்று என்று குறைப்படும் நேயர்கள், ஜன்னல் வழியே ஒரு தரம் கீழே பார்ப்பார்களாக!