கொழுப்பும் பேசும்

“அவனுக்குக் கொழுப்பு அதிகம்” என்று நம் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருடைய எடையைச் சொன்னதாக யாரும் எண்ணுவதில்லை. திமிர் பிடித்தவன் என்பதே அதன் பொருள். பருமனான ஒரு மாணவன் வகுப்பில் நுழைந்தால், பெயரைக் கேட்கும் முன்பே பட்டப்பெயர் தயாராகிவிடுகிறது. கொழுப்பு என்பது ஒரு குணக்கேடு என்று நம் பேச்சு வழக்கே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. அத்தீர்ப்பு தவறானது என்பது என் துணிபு. உயிரணு ஆய்வாளர்கள் கண்டறிந்தவையே எனக்குச் சான்று.

நாம் உண்டதில் மிஞ்சியதைக் கொழுப்பணு ஒரு துளியாகத் திரட்டித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. துளி பெருகப் பெருக, அணுவின் உட்கருவே ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். நுண்ணோக்கியில் இதைக் கண்டவர்கள் நெடுங்காலம் இதனை ஒரு குதிர் என்றே கருதினர். இன்சுலின் ‘சேர்த்து வை’ என்றால் சேர்க்கும். அட்ரினலின் ‘எடுத்துக் கொடு’ என்றால் கொடுக்கும். குதிருக்கு வாய் ஏது?

வாய் உண்டு என்று 1994-ஆம் ஆண்டு தெரிந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்பணுவே உண்டாக்கி இரத்தத்தில் அனுப்பும் ஒரு பொருளின் மரபணுவைக் கண்டுபிடித்தனர். ‘லெப்டின்’ என்று அப்பொருளுக்குப் பெயர் வைத்தனர். ‘கையிருப்பு போதிய அளவு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லும் தூதுவன் அது.

அந்தத் தூதுவன் வராவிட்டால் என்ன ஆகும்? 1997-இல் இங்கிலாந்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றி மருத்துவ அறிஞர்கள் எழுதினர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. இருவர் உடலிலும் லெப்டின் சரிவர உருவாகவில்லை. கிடங்கு நிரம்பி வழிந்தும், பட்டினி என்றே மூளை நம்பிக்கொண்டிருந்தது. பிறகு லெப்டினை ஊசி மூலம் கொடுத்தபோது அச்சிறுமியின் பசி அடங்கியது, எடையும் இறங்கியது. அதற்கு முன் அவளைத் தீனிப்பண்டாரம் என்று யாரேனும் ஏசியிருந்தால், அந்த ஏச்சுக்கு என்ன நியாயம் இருக்கிறது? இத்தகைய குறை மிக அரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பசி என்பது மன உறுதியை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு அந்த ஒரு சான்றே போதும்.

சின்ன காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு இது எளிதில் விளங்குகிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நெய்பவர் கையும் துணையாள் கையும் ஒன்றுக்கொன்று காத்திருந்து இயங்கினால்தான் கரை உடலோடு பிணையும். ஒருவர் குறிப்பை மற்றவர் தவறவிட்டால் சேலை கெடும். குற்றம் நூலில் இல்லை, குறிப்பில் இருக்கிறது. நம் உடலிலும் அப்படித்தான்.

இன்னொரு செய்தியும் நம் ஊருக்கு நெருக்கமானது. நமக்கு வாழ்வளிக்கும் பட்டுப்புழுவின் உடலில் ‘கொழுப்புத் திசு’ என்றொரு பகுதி நிறைந்திருக்கிறது. கூட்டைவிட்டு வெளிவரும் பட்டு அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. புழுப் பருவத்தில் சேர்த்த இருப்பிலேயே அது வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. இன்சுலினை ஒத்த ஒரு பொருள் பட்டுப்பூச்சியின் தலையில் இருப்பதை ஜப்பானிய அறிவியலார் 1984-இல் வெளியிட்டனர்.

பூச்சியின் கொழுப்பும் பேசுமா? பேசும் என்று 2012-இல் எழுதியவர்கள் அகிலா ராஜனும் நார்பர்ட் பெர்ரிமனும். வாழைப்பழத் தோலை மொய்க்கும் பழ ஈயின் கொழுப்புத் திசு, வயிறு நிறைந்திருக்கும் வேளையில் ஒரு செய்திப் பொருளை மூளைக்கு அனுப்புகிறது. அதைக் கேட்டு மூளை இன்சுலினை வெளியிடுகிறது. அந்தப் பொருள் இல்லாத ஈக்களில் மனித லெப்டினைச் செயற்படவைத்தபோது, அது அந்த வேலையை ஏற்று நடத்தியது! ஈக்கும் மனிதனுக்கும் இடையே இத்தனை கோடி ஆண்டுகள் கடந்தும், கொழுப்பின் மொழி மாறவில்லை. பின்னர் சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் ஆய்வு மையத்தில் அகிலா ராஜனின் ஆய்வுக்கூடம், நெடுநாள் மிகுசர்க்கரை உணவில் வைத்த ஈக்கள் பட்டினியிலும் பசிக்கேற்ப உண்ணத் தவறுவதை 2022-இல் காட்டியது. ‘ஈயை ஆராய்ந்து என்ன பயன்?’ என்று விலங்கியல் மாணவரைக் கேலி செய்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

பருமனானவரைப் பழிக்கும் நாம், மெலிந்தவரை நலமுடையவர் என்று நம்பிவிடுகிறோம். இதுவும் பிழையே. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் யட்கினும் 2004-இல் தங்களையே எடுத்துக்காட்டாக்கினர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தோலுக்கடியில் அடங்க வேண்டிய கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் குடியேறினால், இன்சுலினின் சொல் அங்கே எடுபடாது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறியதை இதனோடு சேர்த்துப் படியுங்கள். குழித்தறியில் நாளெல்லாம் அமர்ந்திருக்கும் ஒல்லியான நெசவாளர், ‘எனக்கென்ன சர்க்கரை வரப்போகிறது?’ என்று சோதனை செய்யாமல் இருப்பது ஆபத்து.

அப்படியானால் எல்லாம் அணுக்களின் செயல், நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைகட்டி இருக்கலாமா? கூடாது. அணுக்களின் பேச்சு நம் உணவாலும் உழைப்பாலும் உறக்கத்தாலும் மாறக்கூடியது. வரதராசப் பெருமாள் கோயில் இட்லியை விலக்கச் சொல்லவில்லை. நாளுக்கு நான்கு முறை சர்க்கரை கரைத்த தேநீரைக் குறைக்கச் சொல்கிறேன். ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுடையது 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் நம்மவர்க்கு அது எச்சரிக்கை. அளக்க ஒரு தையல் நாடா போதும்.

நண்பர்களே! கொழுப்பு நம் எதிரியும் அன்று, பாவத்தின் சின்னமும் அன்று. பஞ்ச காலங்களில் நம் முன்னோரைக் காத்த கிடங்கு அது. இன்று அளவுமீறிய வரவால் திணறுகிறது. திணறுபவனை ஏசுவதால் பயன் இல்லை. அவன் சொல்வதைக் கேட்பதே அறிவுடைமை. கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டிலும் ஒரு வாழைப்பழமும் இருந்தால் பழ ஈக்களை வளர்க்கலாம்; அங்கிருந்து தொடங்குவோம். வகுப்பறையில் பட்டப்பெயர்களை விட்டொழிப்போம். இவ்விரண்டையும் இந்த ஆண்டே செய்வோமாக!