உயரம் மட்டும் அல்ல

பெண் குழந்தை வளரவில்லை என்றால், "பாட்டி மாதிரி குள்ளம்" என்கிறோம். பதினைந்து வயதாகியும் பெரியவளாகவில்லை என்றால் ஊருக்குப் போய் நேர்த்திக்கடன். டாக்டர் கடைசியில்தான். இது சரியல்ல.

டர்னர் குறைபாடாக இருக்கலாம். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இராது. 1938-இல் அமெரிக்க டாக்டர் ஹென்றி டர்னர் விவரித்தார். குரோமோசோம்தான் காரணம் என்பது 1959-இல் தெரிந்தது. சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நான் டிப்ளமா படித்த ரயில்வேக்காரன், டாக்டர் அல்ல. ஆனால் பாலத்தில் ஒரு ரிவெட் தளர்ந்தால் மற்றவற்றையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்போம். இங்கும் அப்படியே. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குறுகியிருக்கலாம். அதன் வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டே இருக்கலாம். சிறுநீரகங்கள் ஒட்டி லாடம்போல் இருக்கலாம். காது மந்தம், தைராய்டு, சர்க்கரை, எலும்புத் தேய்வும் வரலாம். எல்லோருக்கும் எல்லாமும் வராது. அறிவுக்கும் பொதுவாகக் குறைவில்லை.

ஹார்மோன் ஊசியால் உயரம் கூடியதும் பெற்றோர் நிறுத்திவிடக் கூடாது. எக்கோ பரிசோதனை வாழ்நாள் முழுவதும் வேண்டும். கல்யாணத்துக்காக மறைப்பது அதைவிட மோசம். பெரும்பாலோருக்கு இயல்பாகக் கருத்தரிக்காது. விஷயம் தெரியாமல் தானக் கருமுட்டையில் கர்ப்பமானால், பலவீனமான தமனி கிழிந்து உயிரே போகலாம்.

நம் சங்க மருத்துவ முகாமில் பார்ப்பதெல்லாம் என் போன்ற கிழவர்களின் ரத்த அழுத்தம்தான். அடுத்த முறை உயரம் அளக்கும் கம்பம் ஒன்றும் வைத்து, நம் பெண் குழந்தைகளையும் அளக்கச் செயற்குழு ஏற்பாடு செய்யட்டும்.