செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் எழவில்லை

 

ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிட்டால், குற்றாலச் சாரல் தென்காசி வீடுகளின் வாசல் வரை வந்துவிடும். விருந்தினரும் உடன் வருவர். அவ்வாறு வந்திருந்த மச்சானின் பழைய மாருதி 800 காரில் ஒரு நாள் குடும்பத்துடன் ஐந்தருவிக்குச் சென்றோம். பகல் முழுவதும் வண்டி சாரலில் நனைந்தபடி நின்றது. மாலையில் என் இளைய மகளுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. அவளை உம்மா மடியில் கிடத்திக்கொள்ள, மச்சான் சாவியைத் திருகினார். செல்ஃப் நன்றாகச் சுற்றியது; இஞ்சின் எழவில்லை.

கூடியவர்களில் ஒருவர் பெட்ரோல் பம்ப் என்றார். மற்றொருவர் பேட்டரி என்றார். நானோ, "இன்னும் ஒரு முறை, மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பேட்டரியும் சோர்ந்தது.

அப்போது முதிய வேன் ஓட்டுநர் ஒருவர் வந்தார். "முதலில் செல்ஃப் எப்படிச் சுற்றியது?" என்று கேட்டார். வேகமாகத்தான் என்றோம். "அப்படியானால் பேட்டரி குற்றவாளி அல்ல" என்றவர், சாவியை அணைக்கச் செய்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பனித்துளி போல ஈரம்! உலர்ந்த துணியால் அதனையும் பிளக் ஒயர்களையும் துடைத்தார். நால்வர் தள்ள, வண்டி எழுந்தது. மகளை மருத்துவரிடம் சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே, பெட்ரோல் இஞ்சின் எழுவதற்குக் காற்றுடன் கலந்த எரிபொருள், அதனை அழுத்தும் விசை, உரிய நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். செல்ஃப் இஞ்சினைச் சுற்றிவிடுமேயன்றி, இவற்றில் இல்லாததைக் கொண்டு வந்து தராது.

எனவே வரிசையாகப் பாருங்கள். செல்ஃப் மெதுவாக முனகினாலோ, 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டாலோ பேட்டரியையும் அதன் முனைகளையும் கவனியுங்கள். வழக்கம்போல் சுற்றினால் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய இஞ்செக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், சாவியைப் போட்டதும் டேங்கினுள் பம்ப் ஓரிரு விநாடி மெல்ல இரையும். அவ்வொலி இல்லையெனில் ஃபியூஸையும் பம்பையும் சோதிக்கவேண்டும். மீட்டர் பலகையில் சாவிப் படம் கொண்ட விளக்கு அணையாது மின்னினால், வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை எனலாம். மாற்றுச் சாவியை முயலுங்கள். பெட்ரோல் வாடை மிகுந்தால் சற்றுப் பொறுங்கள். வழக்கத்தைவிட இலேசாகவும் வேகமாகவும் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள். எதுவாயினும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கவேண்டாம்.

1888 இல் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ் என்னும் பெண்மணி, கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியில் தம் மைந்தர் இருவருடன் நெடும்பயணம் சென்றார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் செருகும் ஊசியால் அடைப்பை நீக்கினார். அவரைக் கரை சேர்த்தது வலிமையன்று. எங்கே தடை என்று தேடிய நிதானம்.

மறுநாள் மதரஸாவில், ஒரு வரியிலேயே பல நாளாய்த் தடுமாறிய சிறுவனிடம் வழக்கம்போல், "மீண்டும் ஓது" என்று அதட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எங்கே தடுக்கிறது என்று விசாரித்தேன். அவன் நோயுற்றுக் கிடந்த நாளில் நடத்திய ஓர் எழுத்தின் பாடம் அவனுக்குக் கிட்டவேயில்லை! அதைச் சொல்லிக் கொடுத்ததும் ஓதிவிட்டான்.

இத்தனை நாளும் நான் செல்ஃப் மட்டுமே அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும், சற்றே பாருங்கள்.

வஸ்ஸலாம்.