பொறுமை நோய்க்கு மருந்து அல்ல!

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவை அறியாதவர் உண்டா? மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி உஸ்மான் சாலைக்குப் போகிறவர்கள் இந்தத் தெருவில்தான் நுழைகிறார்கள். பண்டிகை நாள் வந்துவிட்டால் அங்கே எள் போட்டால் எள் விழாது.

அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம். பாட்டி, தாய், மகள் மூவரும் ஜவுளிக் கடைக்குள் நுழைகிறார்கள். எதிரே ஓர் இளம்பெண் புன்சிரிப்போடு புடவைகளைப் பிரித்துக் காட்டுகிறாள். எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணக்கூடிய காட்சிதான்.

நான்கு பெண்கள், நான்கு பருவங்கள். நால்வருக்கும் ஏதோ ஓர் உபாதை இருக்கலாம். ஆனால் ஒருத்தியும் வாய் திறந்து சொல்லமாட்டாள். ஏன்? "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொல்லித்தானே வளர்த்தோம்!

கோபத்தைப் பொறுக்கலாம்; வறுமையைப் பொறுக்கலாம். வியாதியைப் பொறுக்கலாமா? கூடாது!

பள்ளிக்கூடத்துப் பெண்

முதலில் மகளைப் பார்ப்போம். வயது 14. மாதந்தோறும் மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். "பெண்ணாகப் பிறந்தால் அப்படித்தான்" என்கிறார்கள் வீட்டில்.

இலேசான வலி இயற்கைதான். ஆனால் பள்ளிக்கூடம் போகமுடியாதபடி வலித்தாலும், ஏழு நாளுக்கு மேல் உதிரம் போனாலும், கட்டி கட்டியாக விழுந்தாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் மாதவிலக்கு முன்பின்னாக வரும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தள்ளிப் போனால் அதற்கும் காரணம் இருக்கும். அதைக் கேட்டு அறிவதில் வெட்கம் எதற்கு?

கடைப் பெண்

புடவை காட்டும் பெண்ணுக்கு வயது இருபது இருக்கலாம். ஊரை விட்டுப் பிழைக்க வந்தவள். காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை. நாள் முழுதும் நின்றால் கால் வீங்கும். நாளடைவில் நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும். அடிக்கடி ஒதுங்கப் போகமுடியாது என்பதால் தண்ணீரே குடிக்காத பெண்களும் உண்டு. அதனால் நீர்க்கடுப்பும், சிறுநீர்ப் பாதையில் கிருமியும் வருகின்றன.

இதற்கு 2021-ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. கடைகளில் வேலை செய்வோர் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே இதைச் செய்தது.

சட்டம் வந்தால் மட்டும் போதாது. நாற்காலியில் அவள் உட்காரவும் வேண்டும். வாடிக்கைக்காரர் வரும்போது அவள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் நாம்தானே? முதலில் நம் மனம் திருந்தவேண்டும்.

குடும்பத் தலைவி

இனி தாய். வயது நாற்பதை நெருங்குகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது, முகம் வெளுத்திருக்கிறது. "வேலை அதிகம்" என்கிறாள். ரத்த சோகையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றுவதில்லை.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்த சோகை உடையவர்கள். அரிசியும் பருப்பும் விளையும் நாட்டில் இது நியாயமா?

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது ஒரு காரணம். மாதாமாதம் உதிரம் அதிகம் போவது மற்றொரு காரணம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, முடிந்தால் ஈரல் ஆகியவை சேரவேண்டும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, தேநீர் குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது பொறுத்துக் குடிக்கலாம்; இங்கே பொறுமை நல்லது!

முப்பது வயதைக் கடந்த பெண்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டால், "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் அதன் வஞ்சகம்! கருப்பை வாயில் வரும் புற்றுநோயும் சத்தமில்லாமல் வளரும். மாதவிலக்கு நாள் அல்லாதபோது உதிரம் கண்டாலும், துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும் உடனே காட்டவேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ளலாம். சில நிமிஷ வேலை. இந்த நோய் வராமல் தடுக்க, சிறு பெண்களுக்குப் போடும் தடுப்பூசியும் இப்போது இருக்கிறது.

பாட்டி

பாட்டிக்கு மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. நிற்கும் காலத்தில் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடித்தது, தூக்கம் போனது, எரிச்சல் வந்தது. "கிழவிக்குக் கோபம்" என்று வீட்டார் சிரித்தார்கள். அது கோபமல்ல, உடம்பில் நடந்த மாறுதல். அதன்பின் எலும்பு பலம் குறைகிறது. சிறு தடுக்கலில் இடுப்பு எலும்பு முறிகிறது.

நின்றுபோன உதிரம் மறுபடி ஒரு சொட்டு பட்டாலும் அலட்சியம் கூடாது. அது அபாயத்தின் அறிகுறியாக இருக்கலாம். இருமினால் நீர் கசிவதற்கும், கருப்பை கீழே இறங்குவதற்கும் சிகிச்சை உண்டு. இதை அறியாமல் எத்தனை பாட்டிமார் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள்!

அடையாற்றில் பிறந்த வழி

தியாகராய நகருக்குச் சற்றுத் தொலைவில் அடையாறு. அங்கே 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர். அழுதுவிட்டுப் பொறுத்திருக்கவில்லை. வருஷக்கணக்காகப் பாடுபட்டு, 12 படுக்கைகளோடு அதைத் திறந்தார். 1955-ல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண் மூடும்வரை அதற்கே உழைத்தார். இரண்டு பெண்கள் வழி திறந்து வைத்தார்கள். அந்த வழியில் நடக்க நாம் ஏன் தயங்கவேண்டும்?

பணம் இல்லை என்பார்கள் சிலர். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை. இரும்புச் சத்து மாத்திரைக்கும் காசு இல்லை. பட்டுப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் குடும்பத்தலைவர்களுக்கு, அரை நாள் விடுப்பு எடுத்து மனைவியை அழைத்துப் போக மனம் வராதா?

பெண் தானாகச் சொல்லமாட்டாள். ஆகவே வீட்டில் உள்ளவர்கள் கேட்கவேண்டும். தகப்பன் மகளைக் கேட்கட்டும். கணவன் மனைவியைக் கேட்கட்டும். மகன் தாயைக் கேட்கட்டும். "உனக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி போதும். பதில் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். அதை நம்பி விட்டுவிடாமல் இன்னொரு முறை கேளுங்கள்!