ஞானஸ்நான ஏடும் நம் பாட்டனாரும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் ஏர்பிடித்து வாழ்ந்த நம் முன்னோரை மூன்று தலைமுறைக்குமேற் பெயர் சொல்ல வல்லார் நம்மிற் சிலரே. 1871-ம் வருஷமுதல் எடுக்கப்பட்ட குடிமதிப்பு, தொகையைத் தருமேயன்றி ஆட்பெயரைத் தாராது. வீட்டுத்தாள்களைப் பிறர் பார்வையிடுதலை 1948-ம் வருஷத்துச் சட்டமும் விலக்குகின்றது. அமெரிக்காவிற் குடியேறிய சுவீடன் தேயத்து உழவர் வழியினர்க்கு இவ்விடரில்லை. 1686-ம் வருஷத்துச் சபைச் சட்டப்படி அத்தேயத்துக் குருமார் சபையாரின் பெயர்களை ஏட்டிலெழுதி வந்தனர். அமெரிக்கக் குடிமதிப்பும் 72 வருஷங் கழிந்தபின் யாவர்க்குந் திறக்கப்படுகின்றது.

நமக்கோ கோயிலேடே துணை. இராக்லாந்து ஐயர் முதலானோர் 1854-ம் வருஷமுதல் வடதிருநெல்வேலியிற் கூடாரமடித்துத் திரிந்து ஊழியஞ்செய்த நாடன்றோ இது! ஆயினும் ஏடெங்கும் யாக்கோபும் மரியாளுமாயிருப்பின், எந்த யாக்கோபு நம் பாட்டனார்? பழம்பெயரும் அருகே காணப்படின், அதனைக்கொண்டு செட்டில்மெண்டுப் பதிவேட்டிற் பட்டாதாரரைத் தேடலாம். 1910-ம் வருஷத்தில் இத்தாலுகா திருநெல்வேலியினின்றும் பிரிந்து இராமநாதபுரம் ஜில்லாவிற் சேர்ந்தமையால், அவ்வேட்டையும் ஓரிடத்திலேயே தேடுதல் போதாது. பழம்பெயர் மறக்கற்பாலதென்பார் சிலர். அதனை யாம் ஒப்போம். உழுது வரி செலுத்தியவர் அப்பெயரினரே.

கரையான் விடுமுறையறியாது. ஆதலின் தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய நாம், சபைக்குருமாரின் உத்தரவு பெற்று, வருங் கோடையிலேயே பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதத் தொடங்குவோமாக; பழம்பெயர்க்குத் தனிப்பத்தி விடப்படுக.