ஊசியும் உளியும் பேனையும்



"படம் கீறிப் படிச்சு என்ன பிள்ளை செய்யப் போறாய்?" என்று ஊரில் பலரும் என்னைக் கேட்பதுண்டு. நுண்கலை மாணவியாகிய எனக்கும் சிலவேளைகளில் அதே கேள்வி எழும். அப்போதெல்லாம் என் கொப்பியை எடுத்துப் புரட்டுவேன். வகுப்பிலும் நூலகத்திலும் கண்ட படங்கள், கேட்ட பாட்டுகள், பார்த்த திரைப்படங்கள் பற்றி அதில் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த மூன்றை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன். மூன்றும் யுத்தத்தையும் அடக்குமுறையையும் கண்ட பெண்களின் கைகளில் பிறந்தவை.

ஒரு தாய் செய்த சிலை

கேத்தே கொல்விட்ஸ் 1867ஆம் ஆண்டு பிறந்த ஜேர்மன் ஓவியர். அவரது கணவர் பேர்லின் நகரில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியொன்றில் வைத்தியராக இருந்தார். அங்கு மருந்துக்கு வந்துபோன ஏழைப் பெண்களின் வாழ்க்கை கேத்தேயின் படங்களில் இடம்பிடித்தது.

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் தொடங்கியபோது இளைய மகன் பீட்டர் படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தகப்பனின் சம்மதம் தேவைப்பட்டது. தகப்பன் மறுத்தார். மகனுக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய்தான். அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் பெல்ஜியத்தில் பீட்டர் கொல்லப்பட்டான். அப்போது அவனுக்கு 18 வயது.

மகனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்யக் கேத்தே முடிவெடுத்தார். தொடங்கினார், கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். 1932இல்தான் அது பெல்ஜியத்தில் மகன் கிடந்த மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிலையில் மகன் இல்லை. தாயும் தகப்பனும் முழந்தாளிட்டு இருக்கிறார்கள். தகப்பன் இரு கைகளாலும் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் முன்னால் குனிந்திருக்கிறார். இருவரும் வெவ்வேறு கல்லில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தொடவில்லை. ஒரே வீட்டில், ஒரே இழப்பை, இருவர் தனித்தனியே சுமப்பது எப்படியிருக்கும் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

"வருசம் ஒண்டு போட்டுது, இன்னும் அழுதுகொண்டே இருக்கிறாய்?" என்று கேட்பவர்களிடம் கேத்தேயின் 18 ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சாக்குத் துணியில் ஒரு ஊர்

தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1990 வரை நீடித்த அந்த ஆட்சியில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமல் ஆக்கப்பட்டனர் என அந்நாட்டு உத்தியோகபூர்வ ஆணைக்குழுக்கள் பதிவு செய்துள்ளன. பெண்கள் தடுப்பு முகாம்களுக்கும் பொலிஸ் நிலையங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அலைந்தார்கள். அலைந்த இடங்களில் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

தலைநகர் சந்தியாகோவில் தேவாலயங்களின் ஆதரவுடன் இப்பெண்களுக்காகத் தையல் பட்டறைகள் உருவாயின. பழைய சாக்குத் துணியை விரித்து, அதன்மேல் வெட்டுத் துணிகளால் படம் தைத்தார்கள். 'ஆர்பியேரா' என்று அதற்குப் பெயர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் சாக்குத் துணி என்றே பொருள். மேலே அன்டீஸ் மலைத்தொடரும் சூரியனும், கீழே வீடுகள், பொதுச் சமையற் பானை, பூட்டிய தொழிற்சாலை, "எங்கே அவர்கள்?" என்று கேட்டு நிற்கும் பெண்கள். சிலர் காணாமல் ஆக்கப்பட்டவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள். ஆட்சியாளருக்கு இவை பிடிக்கவில்லை. ஆகவே இவை மறைவாகவே வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் வீட்டில் அடுப்பு எரிந்தது. செய்தித்தாள்கள் சொல்லாததைத் துணி சொல்லியது. அவற்றுட் பல இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

அதே பெண்கள் ஒரு நடனத்தையும் மாற்றினார்கள். 'குவேக்கா' என்பது கைக்குட்டையை வீசியபடி ஆணும் பெண்ணும் சோடியாக ஆடும் சிலி நாட்டு ஆட்டம். 1978 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்துப் பெண்கள் அதை மேடையில் தனியே ஆடினார்கள். சோடி நிற்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது. இதைப் பற்றி ஸ்டிங் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1987இல் ஒரு பாடல் வெளியிட்டார். உலகெங்கும் இளைஞர் கேட்கும் பொப் இசையில் இந்தத் தாய்மாரின் கதை ஏறியது இப்படித்தான்.

சிலி நாட்டுப் பெண்கள் தம் உறவுகளின் புகைப்படங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு வீதியில் நின்றார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நம் தாய்மாரின் கைகளிலும் புகைப்படங்களே இருந்தன. மொழி தெரியாத இரு நாட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள்.

முழுவதும் கறுப்பான ஒரு கட்டம்

மூன்றாவது ஒரு சித்திரக்கதை. மர்ஜான் சத்ராப்பி ஈரானில் 1969இல் பிறந்தவர். தன் சிறுபராயத்தையும், 1980இல் தொடங்கி 8 ஆண்டுகள் நீடித்த ஈரான் - ஈராக் யுத்தத்தையும் 'பெர்செபோலிஸ்' என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சு மொழியில் நான்கு பாகங்களாக வெளியிட்டார். 2007இல் அது கார்ட்டூன் திரைப்படமாகி கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

வர்ணம் எதுவும் இல்லை. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. அதில் வரும் சிறுமிக்கு பொப் பாட்டென்றால் உயிர். தடைசெய்யப்பட்ட பாடகர்களின் படங்களைத் துருக்கியில் வாங்கி, தகப்பனின் கோட்டு உள்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவருகிறார் தாய். வாசிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். பங்கர் வாழ்வுக்குள்ளும் பிள்ளைகளுக்குச் சினிமாப் பாட்டு வேண்டியிருந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பக்கத்தில் பக்கத்து வீடு ஏவுகணையால் தகர்கிறது. இடிபாட்டுக்குள் தோழியின் கைவளையலைக் காண்கிறாள் சிறுமி. அடுத்த கட்டத்தில் படமே இல்லை. முழுவதும் கறுப்பு. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை, சொல்லாமல் விடுவதற்கும் நமக்கு உரிமை உண்டு என்று அந்தக் கட்டம் எனக்குக் கற்றுத் தந்தது.

நாமும் செய்யலாமே

சிலையோ துணியோ இழந்தவரைத் திருப்பித் தராது. ஆனாலும் அந்தத் தையல் மேசை சிலிப் பெண்களுக்குச் சிறு வருமானத்தையும், கூட இருந்து அழவும் சிரிக்கவும் ஆட்களையும், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல ஒரு சாட்சியையும் கொடுத்தது. இவை சிறிய விடயங்கள் அல்ல.

தையல் வகுப்புக்குப் போகும் சகோதரிகளே, வெட்டுத் துணிகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். ஒரு சாக்குத் துண்டில் உங்கள் பழைய முற்றத்தையோ கிணற்றடியையோ தைத்துப் பாருங்கள். மனித உருவம் சரியாக வராவிட்டால் பரவாயில்லை. சிலிப் பெண்களின் பொம்மைகளும் கோணல்மாணலாகத்தான் இருந்தன. முடிந்தால் இரண்டு மூன்று பேர் ஒன்றாக இருந்து செய்யுங்கள். மனம் தாங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள், அவசரமில்லை. தைத்ததைப் பிறருக்குக் காட்ட விருப்பமில்லையா? மடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். அது உங்களுடையது.